கலங்கும் உள்ளம் ஈமானின் குறையன்று



2021ஆம் ஆண்டின் ரமளான், கொரோனா இரண்டாம் அலையின் கடுமையான நாட்களில் வந்தது. ஒரு நாள் ஸஹர் நேரத்தில் என் கைப்பேசி ஒலித்தது. சிறுவயதில் மக்தபில் என்னிடம் ஓதிய மாணவர் பேசினார். அப்போது அவர் ஒரு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். "ஹஜ்ரத், படுத்தால் நெஞ்சு படபடக்கிறது. உறக்கமே இல்லை. உம்மாவுக்கு நோயைக் கொண்டுபோய்விடுவேனோ என்ற பயத்தில் வீட்டிற்கே போகவில்லை" என்றார்.

"சபூர் செய்யுங்கள், திக்ரை அதிகப்படுத்துங்கள்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். "சரி ஹஜ்ரத்" என்று வைத்துவிட்டார். அதன்பின் அவர் இதுபற்றி என்னிடம் பேசவே இல்லை. அவர் மாதக்கணக்கில் தவித்து, பிறகே மனநல மருத்துவரை நாடினார் என்பதை அவருடைய வாப்பா சொல்லித்தான் அறிந்தேன். நான் கூறியது நல்ல வார்த்தைதான். ஆயினும் அதைக் கொண்டே அவருடைய வாயை அடைத்துவிட்டேன்.

ஹவுஸ் சர்ஜன் என்பவர் எம்.பி.பி.எஸ். தேர்வுகளை முடித்து, ஓராண்டு கட்டாயப் பயிற்சியில் இருப்பவர். மேலோர் கண்காணிப்பில் தொழில் பழக வேண்டிய அப்பிள்ளைகளை, கொரோனாப் பணியில் ஈடுபடுத்தலாம் என 2021 மே மாதத்தில் ஒன்றிய அரசு அறிவித்தது. அதே அறிவிப்பில் முதுநிலை நீட் தேர்வும் தள்ளிவைக்கப்பட்டது. பாதுகாப்புக் கவச உடைக்குள் வியர்வையும் தாகமும். வெளியே வந்தால் மரணச் செய்திக்காகக் காத்திருக்கும் உறவினர்கள். அதற்கு முந்தைய ஆண்டு, சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் நல்லடக்கத்தையே சிலர் தடுத்ததையும் அவர்கள் கண்டிருந்தனர். இவ்வளவிற்குப் பின்னும் உள்ளம் கலங்காதிருந்தால்தான் வியப்பு.

ஆனால் நம் வீடுகளில் சிலர் இதனை "ஈமான் பலவீனம்" என்கின்றனர்; சிலர் "ஷைத்தானின் வஸ்வாஸ்" என ஒதுக்குகின்றனர். கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் சிந்தினார்கள். அதனை இரக்கம் என்றார்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளவும் ஏவினார்கள். இந்த ஏவல் உடலுக்கு மட்டும், உள்ளத்திற்கு இல்லை என்று பிரிப்பதற்கு நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

ஷாமில் கொள்ளைநோய் பரவியதைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், தோழர்களுடன் ஆலோசித்துத் திரும்பினார்கள். இது அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அவனது ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். மருத்துவரிடம் செல்வதும் அத்தகைய விதியே. தவக்குலுக்கு அது முரணன்று.

கொரோனா அடங்கிவிட்டது, ஹவுஸ் சர்ஜன்களின் இரவுப் பணி அடங்கவில்லை. ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மருத்துவமனையிலிருந்து அழைத்தால், "சாப்பிட்டாயா, தொழுதாயா" என்பதோடு "தூங்கினாயா, மனம் எப்படி இருக்கிறது" என்றும் கேளுங்கள். அறிவுரை கூறுமுன் முழுவதையும் செவிமடுங்கள். படபடப்பும் உறக்கமின்மையும் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். துஆவையும் விடாதீர்கள், மருந்தையும் தடுக்காதீர்கள்.

அந்த மாணவரிடம் பின்னர் நான் மன்னிப்புக் கேட்டேன். பிறர் உயிருக்காக விழித்திருக்கும் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அல்லாஹ் அமைதியை அருள்வானாக. ஆமீன்.