தாயைப் பழிப்பது தகுமா?

குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதித்தால், "கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள்" என்று தாயையே முதலில் கூண்டிலேற்றுகிறோம். இது தகுமா?

சில குழந்தைகளிடம் குரோமோசோமின் சிறு துண்டொன்று இல்லாமற் போயிருக்கும். ஐந்தாம் குரோமோசோமில் அவ்வாறு நேர்ந்த குழந்தைகள் பூனைபோல் அழுவதை 1963இல் பிரெஞ்சு மருத்துவர் லெஜூன் விளக்கினார். இருபத்திரண்டாம் குரோமோசோமில் நேரும் இழப்பு, ஏறத்தாழ 4,000 குழந்தைகளுள் ஒன்றுக்கு உண்டு. பேச்சும் கற்றலும் பின்தங்கும், இதயமும் பழுதுபடலாம். இவற்றுள் பெரும்பாலானவை இனச்செல் உருவாகும்போது தற்செயலாய் நேர்பவை. தாயின் குற்றம் எங்கே?

இழந்த துண்டை ஒட்ட மருந்தில்லை. எனினும் பேச்சுப் பயிற்சியை இளமையிலேயே தொடங்கினால் பலனுண்டு. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்தே பரிசோதிக்கின்றனர்.

செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வந்து பயிலும் நண்பர்களே! நம் தெருவில் அத்தகைய தாய் இருந்தால், பழிச்சொல்லைத் தடுப்போம். பரிசோதனைக்குத் துணை செல்வோம். நாம் கற்ற உயிரியலுக்கு அதுவே பயன்.