அழுதால்தான் நடிப்பா?

"ஜப்பான் காதல் படங்களில் யாருக்கும் நடிக்கத் தெரியவில்லை, மரம் மாதிரி நிற்கிறார்கள்" என்று என் பழைய மாணவன் பதிவு போட்டிருக்கிறான். விடைத்தாளை முழுசாகப் படிக்காமல் மதிப்பெண் போடலாமா தம்பி?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவன் நான். கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் மனைவி, படிவத்தில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் ஒரு நொடி நிற்பார். பேனா நிற்கும். அவ்வளவுதான். மார்பில் அடித்துக்கொண்டு வசனம் பேசியவரை நான் பார்த்ததில்லை. 'நீர்ப்பறவை'யில் (2012) நந்திதா தாஸ் முகத்தில் இருப்பது அந்த நொடிதான். அதுவும் மரமா?

சுஞ்சி இவாயின் 'லவ் லெட்டர்' (1995) பார். நகாயாமா மிஹோ இரண்டு பெண்களாக வருகிறார். அடக்கி வைத்த குரல், இறந்த காதலனை நலம் விசாரித்துப் பனிமலை முன்னால் உடைகிறது. முன்பே கத்தியிருந்தால் அங்கே என்ன மிச்சம்?

திட்டணுமா, எழுத்தைத் திட்டு. 'ஃபர்ஸ்ட் லவ்' (2022) தொடரில் விபத்து, உடனே மறதி. நம்மூர் சீரியலே தேவலாம்! அந்தச் சோம்பேறி எழுத்தையும் மிட்சுஷிமா ஹிகாரி முகத்தாலேயே தாங்குகிறார். கதாசிரியன் தப்புக்கு நடிகையை ஃபெயிலாக்காதே.

உன் பதிவுக்கு நூற்றுக்கு முப்பது. 'லவ் லெட்டர்' பார்த்துவிட்டு வா, மறுமதிப்பீடு செய்கிறேன்.