எல்லோரும் படிக்கத்தக்க கதை

"வீட்டில் எல்லோரும் படிக்கத்தக்க நல்ல கதை ஒன்று சொல்லுங்கள்" என்பதே இப்பகுதிக்கு அன்பர்களிடமிருந்து அடிக்கடி வரும் வேண்டுகோள். இத்திங்களும் அவ்வாறே சில நூல்களைச் சொல்லப் போகிறோம். அதற்கு முன் 'எல்லோரும்' என்னும் சொல்லைச் சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

அந்தச் சொல்லுக்குள் பாட்டனாரும் பள்ளிச் சிறுமியும் அடங்குவர் என்பதை யாவரும் ஒப்புவர். பெண்ணிடம் காதல் கொள்ளாது ஆணிடம் மனம் செல்லும் மகனும், தோழியையே உயிர்த்துணையாகக் கருதும் மகளும், ஆணாகப் பிறந்தும் தன்னைப் பெண்ணென்றே உணரும் குழந்தையும் அதற்குள் அடங்குவார்களா? இத்தகையோர் வேறெங்கோ இருப்பவரல்லர். நம் வீடுகளிலேயே பிறந்து வளர்கின்றனர். அவர்கள் தம்மைக் காணக்கூடிய கதை ஒன்று நம் அலமாரியில் உண்டா என்பதே இன்று நாம் எழுப்பும் வினா.

ஊர்விட்டு வந்து பெங்களூரில் குடியேறிய குடும்பங்களுக்கு இதில் தனித்ததோர் இடர்ப்பாடு உண்டு. நம் பிள்ளைகள் கல்லூரியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலத்தில் இவற்றைப் பற்றிப் பேசுகின்றனர். அவர்களுக்கு அம்மொழியில் நாகரிகமான சொற்கள் கிடைத்துள்ளன. வீட்டில் நாம் பேசும் தமிழிலோ அவர்கள் செவியில் விழுந்தவை திரைப்படக் கேலியும் தெருவசவுமே. ஆதலின், சொல்ல நினைக்கும் மகனுக்கு ஆங்கிலத்தில் சொன்னால் அன்னைக்குப் புரியாது. தமிழில் சொல்ல முற்பட்டால் தன்னைத்தானே இழிவு செய்துகொள்வது போலாகும். இந்த இடைவெளியில் ஆண்டுகள் பல கழிகின்றன. பெற்றோர் ஜாதகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரன் தேடப் புறப்படுகின்றனர். அந்நாளில் வாய் திறவாது மணையில் அமர்ந்தவனோடு, ஒன்றும் அறியாது கழுத்தை நீட்டிய பெண்ணின் வாழ்வும் சேர்ந்தே பாழாகிறது. தமிழ் வளர்ப்பது நம் சங்கத்தின் நோக்கமெனில், இதனையும் தாயிடம் தமிழிலேயே சொல்ல இயலும்படி செய்வது அந்நோக்கத்தின் ஒரு பகுதியன்றோ?

தமிழுக்கு இப்பொருள் புதிதன்று. தொல்காப்பியர் ஆண்மை திரிந்தோரை உயர்திணையிலேயே வைத்து அவர்க்குரிய முடிபும் கூறினார். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களுள் காமன் ஆடியதாகச் சொல்லப்படும் 'பேடு' என்பதும் ஒன்று. இடைக்காலத்தில் சொற்கள் வசவாயின. அண்மையில் அவை மீண்டும் கண்ணியம் பெற்று வருகின்றன. திருநங்கை, திருநம்பி என்னும் சொற்களை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆணுக்கு ஆணிடமோ பெண்ணுக்குப் பெண்ணிடமோ எழும் விருப்பத்தைத் தன்பாலீர்ப்பு என்றும், இருபாலாரிடமும் எழுவதை இருபாலீர்ப்பு என்றும் வழங்குகிறோம். சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021ஆம் ஆண்டு இரு பெண்கள் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, இத்தகைய சொற்களின் தொகுதியொன்றைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு அரசிதழில் வெளியிட்டது. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குத் தெளிவு போதாது என்று வெளிப்படையாகக் கூறி, உளநல வல்லுநர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே ஆணை பிறப்பித்தார். நீதிபதியே மாணவராக அமர்ந்து கற்றாரெனில், பெற்றோராகிய நாம் கற்பதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

சொற்களை அரசிதழ் தரலாம். அவற்றுக்கு உயிர் தருவது கதையே. இனி நூல்களுக்கு வருவோம்.

முதலில் கி. ராஜநாராயணன் எழுதிய 'கோமதி' என்னும் சிறுகதை. கோமதி செட்டியார் ஆணாகப் பிறந்தவர்; பெண்களோடு பழகவும் பெண்போல் அணியவும் உள்ளம் நாடுபவர்; சமையலில் வல்லவர். கரிசல் நாட்டு வீடுகளின் அடுக்களையில் அவர் எவ்வாறு நடமாடினார், எவ்வாறு நேசித்தார் என்பதைக் கி.ரா. தமக்கே உரிய பேச்சு நடையில் சொல்கிறார். நகைப்பு உண்டு, ஆயினும் கோமதியின் ஆசை உண்மையானது என்பதில் ஆசிரியருக்கு ஐயமில்லை. ஒரே அமர்வில் படித்துவிடலாமாதலால், தொடங்குவோர்க்கு இதுவே ஏற்றது.

அடுத்து சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' நாவல். ஆனந்த விகடனில் தொடராக வந்து லட்சக்கணக்கான இல்லங்களுக்குள் புகுந்தது. சிற்றூரிலிருந்து பொறியியற் கல்லூரிக்குச் செல்லும் சுயம்பு என்னும் இளைஞன் தன்னுள் இருக்கும் பெண்மையை மறைக்க இயலாது தவிப்பதும், கல்லூரியும் குடும்பமும் அவனை விரட்டுவதும், பின்னர் அவன் மேகலையாகித் தன் இனத்தாருக்காக நிமிர்ந்து நிற்பதும் கதை. 'நம் பிள்ளை பொறியியல் படிக்கிறான்' என்று பெருமிதம் கொள்ளும் நம் குடும்பங்களுக்குச் சுயம்புவின் தந்தையும் தமக்கையும் அயலாராகத் தோன்றார். சில இடங்களில் ஆசிரியர் பிரசங்கம் செய்கிறார் என்பது உண்மை. அதனைப் பொறுத்துக்கொண்டு படித்தால் பயன் மிகுதி. ஆசிரியரின் நூல்கள் நாட்டுடைமையாதலால், இணையத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

மூன்றாவது நூல் நம் நகரத்திற்கு நெருங்கியது. மொழி மட்டும் கன்னடம். பள்ளாரி மாவட்டத்துச் சண்டூரில் பிறந்து, பொறியியல் கற்று, பெங்களூரில் மென்பொருள் துறையில் பல்லாண்டு பணி செய்த வசுதேந்திரா 2013ஆம் ஆண்டு 'மோகனஸ்வாமி' என்னும் கதைத் தொகுதியை வெளியிட்டார். மோகனஸ்வாமி ஆண்களை நேசிப்பவன். அவனோடு ஒரே வீட்டில் வாழ்ந்த கார்த்திக் ஒரு பெண்ணை மணந்துகொள்ளத் தீர்மானிக்கிறான். உடைந்த மனத்தை வெளியில் காட்டவும் வழியின்றி மோகனஸ்வாமி நிற்கிறான். நாம் மேலே குறித்த மணையின் மறுபக்கம் இது. இந்நூலோடு வசுதேந்திரா தம்மைப் பற்றியும் மறைவின்றிச் சொல்லிக்கொண்டார். 2016ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. கன்னடம் படிக்கத் தெரியாத பெற்றோர், பள்ளியில் கன்னடம் கற்ற மகனையோ மகளையோ உரக்கப் படித்துப் பொருள் சொல்லக் கேட்கலாம். உடல் சார்ந்த செய்திகள் வெளிப்படையாக வரும் கதைகளும் இதிலுண்டு. ஆதலின் பெரியோர் முதலில் படித்துப் பார்த்துத் தேர்ந்துகொள்வது நலம்.

தமிழும் கன்னடமும் இப்பொருளில் கொடுத்தும் கொண்டும் வந்துள்ளன என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். லிவிங் ஸ்மைல் வித்யா 2007ஆம் ஆண்டு தமிழில் எழுதிய 'நான், சரவணன் வித்யா' என்னும் தன்வரலாறு, 'நானு அவனல்ல அவளு' என்னும் கன்னடப் படமாயிற்று. அதில் நடித்த சஞ்சாரி விஜய் தேசிய விருது பெற்றார். நாமக்கல் பகுதியில் பிறந்து, பெங்களூரில் சங்கமா என்னும் அமைப்பில் பணியாற்றிய ரேவதியின் 'வெள்ளை மொழி'யும் தன்வரலாறே. இவை கதைகளல்ல, வாழ்ந்த வாழ்வு. 'வாடாமல்லி'யைப் படித்து முடித்தவர் இவற்றையும் படித்தால், நாவலாசிரியர் வெளியிலிருந்து கண்டதற்கும் அவர்களே உள்ளிருந்து சொல்வதற்கும் உள்ள வேற்றுமை விளங்கும்.

நான்காவதாக, புலம்பெயர்ந்த தமிழர் அனைவரும் படிக்கவேண்டிய ஆங்கில நாவலொன்று உண்டு. கொழும்பில் பிறந்து கனடாவில் குடியேறிய ஷியாம் செல்வதுரை 1994ஆம் ஆண்டு எழுதிய 'ஃபன்னி பாய்' அது. ஆர்ஜி என்னும் தமிழ்ச் சிறுவன் மாதம் ஒரு ஞாயிறு பாட்டி வீட்டில் சிறுமியரோடு சேர்ந்து கல்யாண விளையாட்டு ஆடுகிறான். சேலையுடுத்து மணப்பெண்ணாவது அவனே. பெரியவர்கள் கண்டு தடுக்கின்றனர். ஏன் கூடாது என்று அவன் கேட்கும்போது அன்னையால் தக்க விடை தர இயலவில்லை. அவன் வளர வளர இனப்பகையும் வளர்கிறது. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில் வீடு எரிகிறது. பாட்டனும் பாட்டியும் உயிரிழக்கின்றனர். குடும்பம் கனடாவிற்குப் புறப்படுகிறது. 1991ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரியை முன்னிட்டு இந்நகரில் நிகழ்ந்த கலவரத்தை நம் மூத்தோர் மறந்திரார். பிறந்த மொழிக்காகப் பகைக்கப்படுவது எத்தகையது என்று அறிந்த நமக்கு, பிறவியிலேயே அமைந்த இயல்புக்காக வீட்டிலும் பகைக்கப்படும் சிறுவனின் வேதனையை உணர்வது அரிதாகாது. தமிழரென்பதால் தாக்கப்படும் ஆர்ஜிக்குத் தாய் மடி உண்டு. மற்றொன்றுக்காக ஒதுக்கப்படுகையில் அந்த மடியும் ஐயத்திற்கிடமாகிறது. இந்நாவலின் கூர்மையான செய்தி இதுவே எனலாம்.

சச்சின் குண்டல்கர் 2006ஆம் ஆண்டு மராத்தியில் எழுதிய 'கோபால்ட் ப்ளூ'வும் சுவையானது. ஜெர்ரி பிண்டோ இதனை ஆங்கிலத்தில் தந்துள்ளார். வாடகைக்கு வந்த ஓர் இளைஞனிடம் அவ்வீட்டு மகனும் மகளும், ஒருவரையொருவர் அறியாமல், மனம் பறிகொடுக்கின்றனர். முதற்பாதியைத் தமையனும் பிற்பாதியைத் தங்கையும் சொல்கின்றனர். மாடியறையை வாடகைக்கு விடும் பெங்களூர்க் குடும்பங்களுக்குக் கதைக்களம் கண்முன் நிற்கும்.

பெண்ணைப் பெண் நேசிக்கும் கதைகள் தமிழில் அருகியே உள்ளன என்பதைச் சொல்லாமல் இருத்தல் ஆகாது. உருதுவில் இஸ்மத் சுக்தாய் 1942ஆம் ஆண்டிலேயே 'லிஹாஃப்' என்னும் சிறுகதை எழுதி, ஆபாச வழக்கில் லாகூர் நீதிமன்றம் வரை சென்று மன்னிப்புக் கேளாமலே விடுதலை பெற்றார். மலையாளத்தில் வி. டி. நந்தகுமார் 1974ஆம் ஆண்டு இரு பெண்களின் காதலை 'ரண்டு பெண்குட்டிகள்' என்று நாவலாக்கினார். நம் மகளிர் அணியில் எழுதும் ஆற்றலுடைய சகோதரியர் இக்குறையை நிரப்ப முன்வருவாராக.

இவ்வகையில் வந்த நூலனைத்தும் எல்லார்க்கும் ஏற்றதென்று நாம் கூறவில்லை. கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' 1978ஆம் ஆண்டு வெளிவந்த சிறந்த நாவல். ஆனால் அதில் ஆதரவற்ற சிறுவனொருவனைச் செல்வர் தம் இச்சைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் பகுதி உண்டு. அது ஏழ்மையைச் சுரண்டும் கொடுமை. இருவர் மனமொத்து நேசிப்பது வேறு. இவ்வேற்றுமையைப் பிரித்தறியும் பக்குவம் வந்தோர்க்கே அந்நூல் உரியது. பிற நூல்களைத் தேர்வோர்க்கும் ஓர் அளவுகோல் கூறுவோம். அப்பாத்திரத்திற்குத் தொழிலும் பசியும் தாயும் கோபமும் உண்டா, அன்றி நகைப்பதற்கும் சாவதற்குமே படைக்கப்பட்டதா என்று பாருங்கள். ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913, 1914ஆம் ஆண்டுகளில் எழுதிய 'மாரிஸ்' நாவலில் இரு ஆடவரும் இறுதியில் இன்புற்று வாழ்வதாக முடித்தார். அந்நூலோ அவர் மறைந்தபின் 1971ஆம் ஆண்டிலேதான் அச்சேறியது.

சட்டத்தின் கதவுகள் ஓரளவு திறந்துள்ளன. உச்சநீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளை ஏற்றது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், மனமொத்த தன்பாலுறவு குற்றமன்று என்றது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் திருமண உரிமையை வழங்க மறுத்தது. இயல்பை மாற்றுவதாகக் கூறிச் 'சிகிச்சை' அளிப்பதைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022ஆம் ஆண்டு தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. பிள்ளையை மருத்துவரிடமும் மந்திரவாதியிடமும் இழுத்துச் செல்ல எண்ணும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்வார்களாக.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்நூல்களை வாங்கிப் பிள்ளையின் கையில் திணித்து, முகத்தை உற்று நோக்காதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள். உணவு வேளையில், "அந்தச் சுயம்புவின் அப்பா செய்தது சரியன்று" என்று இயல்பாக ஒரு சொல் சொல்லுங்கள். பின்னர் நூலை எல்லோருக்கும் எட்டும் தட்டில் வைத்துவிடுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அச்சொல் போதும். இவ்வீட்டில் இதனைத் தமிழில் பேசலாம் என்று அது அறிந்துகொள்ளும். பேசும் நாளை அதுவே தேர்ந்துகொள்ளட்டும்.