நைட் அவுட் போட்டா கெத்தா?

செமஸ்டர் நெருங்கினா ஹாஸ்டல்ல ஒரு போட்டி ஆரம்பிச்சிடும். "மூணு மணிக்குத்தான்டா படுத்தேன்" என்பான் ஒருத்தன். "நீ படுத்தியா? நான் படுக்கவே இல்ல மச்சி" என்பான் அடுத்தவன். எத்தனை யூனிட் முடிஞ்சதுன்னு யாரும் கேட்கிறதில்லை. எத்தனை மணி நேரம் தூங்கலைங்கிறதுதான் அங்கே மார்க்.

எனக்கு இதுல ஒரு கெத்தும் தெரியலை. ராசிங்காபுரத்துல மூணு மணிக்கு லைட் எரியுற வீடுகளைப் பார்த்தவங்களுக்கு அப்படித்தான் தோணும். போடிக்கும் தேவாரத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊர்களிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலை ஏறுகிறவர்கள் நிறையப் பேர். மூணு மணிக்கே எழுந்து, சோறாக்கி, தூக்குச்சட்டியில் கட்டிக்கிட்டு ரோட்டுக்கு வந்துடணும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இடுக்கித் தோட்டங்களில் பகல் முழுக்கச் செடியின் அடியில் குனிந்து காய் பறிக்கணும். பறிச்ச காயைப் பச்சை நிறம் போகாம உலர்த்துற ஸ்டோர்ல, சூடு ஏறாம இறங்காம பார்த்துக்க ராத்திரியெல்லாம் ஒருத்தர் கண் விழிக்கணும். அந்த ஊர்ல இருக்கிற எங்க அத்தை எட்டு மணிக்கே பாயை விரிச்சிடுவாங்க. "சீரியல் நாளைக்கும் வரும், ஜீப்பு நிக்காது." தூக்கத்தைப் பத்தி நான் கேட்டதிலேயே உருப்படியான பேச்சு இதுதான்.

நாம தூக்கத்தை மொபைல் சார்ஜ் மாதிரி நினைக்கிறோம். குறைஞ்சா எப்ப வேணும்னாலும் சொருகிக்கலாம். ஆனா உடம்பில் ஓடுவது ரெண்டு தனித்தனி ஏற்பாடு. ஒண்ணு, விழிச்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் சேர்ந்துக்கிட்டே போகும், தூங்கினாத்தான் குறையும். காபி அதைக் குறைக்காது. அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் போய் உட்கார்ந்துக்கும், அவ்வளவுதான். களைப்பு அப்படியே இருக்கும், நமக்குத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்குக் குடிச்ச காபியில் ஏறக்குறைய பாதி, மூணு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.

இன்னொண்ணு, வெளிச்சத்தைப் பார்த்து ஓடுற உடம்புக் கடிகாரம். 2017-ல் மருத்துவ நோபல் கிடைச்சதே இது செல்லுக்குள் எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்குத்தான். விடியறதுக்கு முன்னாடி சில மணி நேரம் உடம்புச் சூடு குறைஞ்சு, கவனம் ரொம்பக் கீழே கிடக்கும். நைட் அவுட்காரர் ஐந்தாவது யூனிட்டைத் தொடுறது அந்த நேரத்துலதான். நம்ம வயசில் இந்தக் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கி ஓடும்ங்கிறதும் நிஜம். பத்து மணிக்குத் தூக்கம் வரலைன்னா அதைச் சோம்பேறித்தனம்னு திட்டாதீங்க. ஆனா போர்வைக்குள்ள கண்ணுக்கு நேரா செல்லைப் பிடிச்சா அது இன்னும் பின்னால போகும்.

பெருமை பேசுறவங்களுக்கு ரெண்டு கணக்கு. 17-லிருந்து 19 மணி நேரம் தொடர்ந்து விழிச்சிருந்தவர்களைச் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வு 2000-ல் வந்தது. ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்கோ அதைவிட மோசமாவோ அவங்க தடுமாறினாங்க. நம்ம நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கிற அளவே 0.03 தான். காலையில் ஏழுக்கு எழுந்து, ராத்திரி தூங்காம, மறுநாள் பத்து மணிக்கு ஹாலில் உட்காருறவர் விழிச்சிருப்பது 27 மணி நேரம். அடுத்தது 2003-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு. ரெண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் படுக்க விட்டதில், ஒண்ணு ரெண்டு ராத்திரி சுத்தமா தூங்காதவங்க அளவுக்குக் கவனம் சரிஞ்சது. "லேசா தூக்கம் வருது" என்பதற்கு மேல் அவங்களுக்கு எதுவும் தோணலை. "எனக்கு ஆறு மணி நேரம் போதும்டா"ன்னு சொல்றவன் பேச்சை இனிமே எப்படி நம்புறது?

'தினமும் எட்டு மணி நேரம் தூங்குங்க'ன்னு போஸ்டர் ஒட்டுறது சுலபம். எப்ப எழுந்திருக்கிறதுன்னு ஜீப்பு முடிவு பண்ற வீட்டில், எப்ப படுக்கிறதுன்னு வீட்டிலிருக்கிற மத்தவங்க முடிவு பண்றாங்க. அந்த மத்தவங்க நாமதான். நம்ம டே ஸ்காலர் பல பேர் வீட்டில் ஒரே ஹால்தான். அங்கே பன்னிரண்டு மணி வரை டியூப் லைட்டைப் போட்டு, ரீல்ஸ் சத்தத்தோட ஒருத்தர் 'படிச்சா', மூணு மணிக்கு எழப்போற அம்மாவுக்கு மிஞ்சுறது மூணு மணி நேரம். நம்ம நைட் அவுட் நம்மளோட மட்டும் நிக்கிறதில்லை. "புள்ள படிக்குது"ன்னு அவங்க கண்ணை மூடிக்கிட்டுக் கிடப்பாங்க, லைட்டை அணைன்னு சொல்ல மாட்டாங்க.

காலேஜ் பக்கமும் ஒண்ணு இருக்கு. அசைன்மென்ட் அப்லோட் பண்ணக் கடைசி நேரம் எப்பவும் ராத்திரி 11.59. அது ஏன் ராத்திரின்னு கேட்டா யாருக்கும் காரணம் தெரியாது. சாயங்காலம் ஆறு மணின்னு மாத்தினா வேலை குறையப் போறதில்லை, அதே வேலை பகல்ல முடியும். மாடல் எக்ஸாம் ரெண்டுக்கு நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டா நைட் அவுட்டுக்குச் சொல்லக் காரணமும் இருக்காது. கிளாஸ் ரெப்கள் அடுத்த மீட்டிங்கில் ஹெச்ஓடி கிட்ட இந்த ரெண்டையும் கேளுங்க. அதுவரைக்கும் டே ஸ்காலர்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஹெட்போனை மாட்டி, ஹால் லைட்டை அணைச்சு டேபிள் லைட்டுக்கு மாறுங்க.