அடுப்பு வாசலில் இருக்கட்டும்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் இலத்தூர் விலக்கில் வண்டி குறையாது. மதுரை, ராஜபாளையம் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் தென்காசி ஊருக்குள் நுழையாமல் இங்கே திரும்பி செங்கோட்டை சாலையைப் பிடிக்கிறார்கள். கண்ணாடியை இறக்கி, "அண்ணாச்சி, பார்டர் கடைக்கு இப்படித்தானே போகணும்?" என்று கேட்கிறார்கள். குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்பது அடுத்த கேள்வி.

பிரானூர் பார்டர் ரஹ்மத் கடையைத்தான் கேட்கிறார்கள். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் பிரானூர்தான் எல்லை. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் எல்லை புளியரைக்கு மேலே மலைக்குப் போய்விட்டது. பார்டர் என்ற பேர் மட்டும் பிரானூரிலேயே நின்றுவிட்டது. மர அறுவை மில்களும், கேரளத்துக்குப் போய்வரும் லாரிகளும் நிறைந்த சாலை அது. ராத்திரி பகல் பாராமல் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சூடாக, வயிறு நிறைய, சீக்கிரமாகப் போட வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கத்துப் புரோட்டாக் கடைகளின் முதல் பாடம். அருவிக்கு வந்தவர்கள் பிற்பாடுதான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் முதலில் பார்ப்பது கல்லைத்தான். அது வாசலிலேயே இருக்கும். மாஸ்டர் எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை எடுத்துத் தட்டி, வீசுவார். இரண்டு மூன்று வீச்சில் மாவு அடியில் உள்ள பலகை தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும். அதைக் கொசுவி, சுருட்டி, உள்ளங்கையால் அமுக்கிக் கல்லில் போடுவார். சிவந்ததும் நாலைந்தை ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிப்பார். அந்த அடியில்தான் அடுக்கு விடுகிறது. அடிக்காத புரோட்டா எவ்வளவு நல்ல மாவில் செய்தாலும் ரப்பர்தான். எங்கள் ஊர்ப் புரோட்டா சின்னது. இலையில் வைத்ததும், "பிச்சுப் போடவா அண்ணாச்சி?" என்று கேட்டுப் பிய்த்துப் போட்டு, அதன் மேல் சால்னாவை ஊற்றுவார்கள். பக்கத்தில் நாட்டுக்கோழி, மிளகு தூக்கலான வறுவல், காடை. பட்டியல் அவ்வளவுதான். மாட்டுக்கறி வேண்டும் என்கிறவர்கள் மலையேறிக் கேரளத்து ஆரியங்காவுக்குப் போய்விடுவார்கள். தேங்காய்ப் பல்லு போட்டுச் சுருள வறுத்த அந்தக் கறியை நானும் அங்கேதான் முதலில் தின்றேன்.

டோக்கியோ போயிருந்தபோது அதே மாட்டுக்கறிக்காக ஷிபுயாவில் மொத்தோமுரா என்ற கடை முன் வரிசையில் நின்றேன். கியூகட்சு, அதாவது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மாட்டுக்கறி கட்லெட்டுக்குப் பேர்போன கடை. எங்கள் ஊர் சீசன் வரிசைதான். சத்தம் மட்டும் இல்லை. எண்ணெயில் ஒரு நிமிஷ அளவுதான் கிடக்கிறது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே செக்கச்செவேல். துண்டு போட்டு, முட்டைக்கோஸ் சீவல், சோறு, மிசோ சூப் எல்லாம் ஒரே தட்டில் வருகிறது. கூடவே ஆளுக்கொரு சின்னக் கல்லடுப்பு. அடியில் நெருப்பு, மேலே கருங்கல். துண்டு துண்டாக அதில் வைத்து, வேண்டிய பதத்துக்கு நாமே வாட்டிக்கொள்ள வேண்டும். முதல் துண்டை நம்மூர்ப் பழக்கத்தில் நன்றாகவே வாட்டினேன். அடுத்ததை இரண்டு பக்கமும் கல்லில் ஒற்றி எடுத்து, உப்புத் தொட்டுத் தின்றபோதுதான் ருசி பிடிபட்டது.

இத்தனைக்கும் மாட்டுக்கறியை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்த நாடு அது. கி.பி. 675-ல் தெம்மு மன்னர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இந்த ஐந்தையும் வருஷத்தில் பாதி மாதங்கள் தின்னக் கூடாதென்று ஆணையிட்டார். அதன் பிறகும் தடை மேல் தடை வந்தது. 1872-ல் மெய்ஜி மன்னர் தாம் மாட்டுக்கறி சாப்பிட்டதை ஊரறியச் செய்த பிறகே நிலைமை மாறியது. வெள்ளைக்காரர் சாப்பாட்டைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டவர்கள் கட்லெட்டையும் மாற்றினார்கள். எங்கிருந்தோ வந்த மைதாவைச் சால்னாவோடு சேர்த்து நாம் நம்முடையதாக்கிக்கொள்ளவில்லையா?

எங்கள் பக்கத்துக் கடையிலும் டோக்கியோ கடையிலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: நெருப்பு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. வழியில் பசித்து நிற்கிறவனுக்குக் கடைக்காரர் முன்பின் தெரியாதவர். கறி என்றைக்கு வந்தது, எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அடுப்பு எதிரே இருந்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். பட்டியல் சின்னதாக இருந்தால் மீதிக்கும் கிடைத்துவிடும். நாலே பண்டம் விற்கிற கடையில் சரக்கு தேங்க வழியில்லை.

குற்றாலம் சாலையில் இப்போது அது மாறிவருவது எனக்குக் கவலையாக இருக்கிறது. போன சீசனில் சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு புதிய ஏசி ஓட்டல் ஒன்றுக்குப் போனோம். பட்டியல் புத்தகம் மாதிரி இருந்தது. சைனீஸ், தந்தூரி எல்லாம் உண்டு. அடுப்பு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. வெகுநேரம் கழித்து வந்த கோழி மேலே சுட்டது, எலும்போரம் சில்லென்று இருந்தது. பிள்ளைகள் பசியில் அதையும் தின்றார்கள். சீசன் கூட்டம் திரும்பி வராது என்ற தைரியத்தில் சமைத்த சாப்பாடு அது.

வாசலில் அடுப்பு வைப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை மாஸ்டர்தான் கொடுக்கிறார். சாயங்காலம் கல் காய்ந்ததிலிருந்து கடைசி ஆள் எழுந்திருக்கும் வரை அனலில் நிற்கிறார். மழை நாளில் முதுகில் சாரல், முகத்தில் சூடு. கூட்டத்தால் சம்பாதிக்கும் கடைக்காரர்கள் கல்லுக்குப் பக்கத்தில் நல்ல காற்றாடி ஒன்றைப் போடலாம். மணிக்கணக்கில் ஒருவரையே நிறுத்தாமல் இரண்டு மாஸ்டர்களை மாற்றி மாற்றி நிறுத்தலாம். ஏசி போடக் காசு இருக்கிறவர்களுக்கு இது பெரிய செலவில்லை. சாப்பிட வருகிறவர்களும் ராத்திரி எட்டு மணிக்கு மொத்தமாகப் போய் விழாமல் ஆறரைக்கே போகலாம். அப்போது கல்லும் புதிதாகக் காய்ந்திருக்கும், மாஸ்டர் கையிலும் தெம்பு இருக்கும், இலையும் உடனே கிடைக்கும்.