பழைய வன்தட்டும் புதிய கணினியும்

2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்குரிய ஆதரவு முடிவுற்றமையின், இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பழைய கணினியை மாற்றக் கருதுவோர் பலருளர். பழைய வன்தட்டைக் கழற்றிப் புதிய யந்திரத்திற் பூட்டினால் யாவும் முன்போல் நடக்குமென்பது சிலர் எண்ணம். நடத்தலும் உண்டு, ஆயினும் பழைய இயங்குதளம் பழைய தாய்ப்பலகைக்குரிய டிரைவர்களோடு பழகியது, புதிய இடத்தில் தொடங்காமலே நின்றுவிடுதலும் கூடும். ஆதலின் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக் கோப்புக்களை மட்டும் படியெடுத்தலே நன்றென்பர்.

தமிழர்க்கு அதுவும் போதாதென்பது நம் துணிபு. யூனிகோடு பரவுமுன் கோக்கப்பெற்ற மலர்கள் பல, பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களால் ஆயவை. அவை ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்தன. கோப்பு வந்து எழுத்துரு வாராதாயின், எஞ்சுவது பொருளற்ற ஆங்கிலக் குவியலே! 1998இல் தோன்றிய மதுரைத் திட்டத்தார் தம் மின்னூல்களைத் திஸ்கி முறையினின்றும் யூனிகோடுக்கு மாற்றினர். தமிழ்நாட்டரசும் 2010இல் யூனிகோடை ஏற்றது. நம் கலாசாலை மலர்களின் பழைய கோப்புக்களையும் அவ்வாறே மாற்றல் வேண்டும். பழைய எழுத்துருக்களிற் கொம்பு மெய்க்கு முன்னும், யூனிகோடிற் பின்னும் நிற்பதால், மாற்றுங் கருவி இடறுதல் கூடும். மூலத்தோடு ஒப்புநோக்கி முடியுங்காறும் பழைய தட்டை அழித்தலும் விற்றலும் ஆகா. ஒப்புநோக்குதற்குத் தமிழ் வகுப்பினராகிய நாம் ஆயத்தமாயுள்ளோம்.