நிறமாற்றத்தில் நோயறிதல்: நானோ நொதிகளை எவ்வளவு நம்பலாம்?

இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள் பெராக்சிடேஸ் நொதியைப் போலச் செயல்படுவதைச் சீன விஞ்ஞானிகள் 2007-இல் கண்டறிந்தனர். ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால், நிறமற்ற டிஎம்பி என்ற சேர்மத்தை அவை நீலமாக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இத்தகைய ‘நானோ நொதிகள்’ குறித்த ஆய்வுகள் நடைபெறுகின்றன.

இயற்கை நொதிகள் வெப்பத்தில் செயலிழப்பவை என்பதால், குளிர்பதன வசதியற்ற கிராமப்புறச் சோதனைகளுக்கு இவை மாற்றாகும் எனக் கூறப்படுகிறது. இது பாதி உண்மையே. இரத்தச் சர்க்கரையை இத்துகள்கள் தாமாக இனங்காணாது. சர்க்கரையிலிருந்து பெராக்சைடை உருவாக்க, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற இயற்கை நொதியே பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. வைட்டமின் சி போன்றவை நீலத்தை மங்கச் செய்து, சர்க்கரையைக் குறைத்துக் காட்டக்கூடும். நோயாளிக்கு இது ஆபத்தான பிழை. மேலும், இத்துகள்கள் சிறப்பாக இயங்குவது அமிலக் கரைசலில். இரத்தமோ சற்றே காரத்தன்மை உடையது.